ஏழாம் கேள்வி

லெஸ்கோவட்ஸ் ஊரில் நெவெங்காவுக்கு மூன்றாவது காபி கொடுத்த வீடு கிடையாது. அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வருவது வரவேற்புக் காபி. அரை மணி கழித்து வருவது பேச்சுக் காபி. மூன்றாவதாக ஒன்று வந்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கோப்பை வந்து முன்னால் உட்காரும், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எழுந்திருக்காதவனுக்கு எருமைத் தோல். பதினான்கு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிக் காப்பீடு விற்ற ஒருத்தி, அந்தக் கோப்பையை ஒரு வீட்டிலும் பார்க்காமல் எழுந்து வரத் தெரிந்திருந்தாள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

பிறவி விற்பனைக்காரி என்று அவளைச் சொல்ல முடியாது. ஊர்க் கம்பளி மில்லில் இருபது வருஷம் தறி ஓட்டியவள். மில் மூடியபோது வயது நாற்பத்திரண்டு. புருஷன் அதற்கு முன்பே கட்டட வேலைக்கு ஸ்லோவேனியா போயிருந்தான். முதலில் பணம் வந்தது, அப்புறம் கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன். மில்லில் கூட இருந்த பெண்களில் பாதிப் பேர் சந்தையில் மிளகாய் விற்கப் போனார்கள். நெவெங்காவின் கையில் ஒரு கட்டு விண்ணப்பமும், வீடுகளில் இலவசமாகக் கொடுக்க நாற்பது காலண்டரும் கொடுத்து, போய்ப் பாலிசி பிடித்து வா என்று அனுப்பியது ஒரு காப்பீட்டுக் கம்பெனி. உரிமம், பயிற்சி, பரீட்சை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வாய் இருந்தால் போதும். வாய் அவளுக்கு இருந்தது.

மில்லில் அவளுக்கு அடுத்த தறி ரூஷாவுடையது. தறி இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. இருபது வருஷமும் ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள். மில்லை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தேவாலயத்தில் பாதிரியார் ஒரு பக்கம் ஓதிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிர் மூலையில் நின்று அடுத்த வீட்டுச் சம்பந்தத்தைச் சத்தமில்லாமல் பேசி முடித்துவிடுவார்கள்.

ரூஷாவின் கணவர் திகோமிர்தான் நெவெங்காவின் கல்யாணத்தில் சாட்சி நின்றவர். பிறகு அவள் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் பெயர் சொன்னவரும் அவரே. இந்த உறவுக்குக் கும் என்று பெயர், பெண்களானால் குமா. கூடப் பிறந்தவர்கள் நிலத்துக்காகக் கோர்ட்டில் அடித்துக்கொண்டால் ஊர் வேடிக்கை பார்க்கும், ஆனால் கும் உறவில் மனஸ்தாபம் என்றால் ஊரே தலை குனியும். கும் என்ன சட்டைப் பொத்தானா, அறுந்தால் வேறு தைத்துக்கொள்ள என்பார்கள்.

திகோமிர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். ஒருமுறை சொந்தத் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டி மைதானத்தை விட்டு வெளியேற்றியவர். தம்பி இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பெற்ற தாய் ஒரு மாதம் பேசவில்லை. மனிதர் அசையவில்லை, எதிராளி காலை இழுத்தான், பார்த்தேன், அட்டையைக் காட்டினேன் என்பதோடு சரி. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த சொல்லை ஊரில் யாரும் இரண்டாம் தடவை விசாரித்ததில்லை. ரூஷா அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் சந்தைக்குள் தலை நிமிர்ந்து நடந்தாள். அவர்களுக்கு வேறு சொத்து இல்லை, பிள்ளையும் இல்லை.

இனி அந்த நவம்பர் மாதத்துக்கு வருவோம். அதிதூதர் மிக்கேல் திருநாள், திகோமிர் வீட்டு ஸ்லாவா. குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு வருஷத்தில் ஒரு நாள் விருந்து. அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர் வரலாம். இருபது பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் திருநாள் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நெவெங்காவுக்கு அந்த மாதம் ஒரு பாலிசி குறைந்தது. மாதக் கடைசிக்குள் கணக்குக்கு ஆள் சேரவில்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் அதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ரூஷாவிடம் உதட்டசைவில் சொன்னாள். ரூஷா கணவர் காதில் போட்டாள். திகோமிர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஒரு ஆள் குறையுதாமே, குமா. என் பேரை எழுதிக்கோ. என்னால ஒருத்தராவது பிழைச்சாங்கன்னு இருக்கட்டும்."

பாத்திர அலமாரியின் மேல், பிளம் சாராய பாட்டிலுக்குப் பக்கத்தில் நெவெங்கா விண்ணப்பத்தை விரித்தாள். உடல்நிலை பற்றிப் பதினோரு கேள்விகள். ஏழாவது, இதய நோய் உண்டா, சிகிச்சை பெற்றதுண்டா என்பது. ஆறு வருஷத்துக்கு முன் நீஷ் நகர ஆஸ்பத்திரியில் திகோமிருக்கு இதயக் குழாயில் அடைப்பு எடுத்தபோது ஒன்பது நாள் கோழி சூப் கொண்டுபோய்க் கொடுத்தவளே நெவெங்காதான். அவளுக்குத் தெரியாததை அவர் சொல்லப்போவதில்லை. ஆனாலும் கேட்க வேண்டும், அவர் வாயால் சொல்ல வேண்டும், அதை எழுத வேண்டும். சரியாக அந்த நேரத்தில் இருபது பேரும் கோப்பையைத் தூக்கி, வீட்டுக்காரருக்கு நல்ல ஆரோக்கியம் என்று வாழ்த்திக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மெழுகுவர்த்தி எரிகிற வீட்டில், நல்ல நாளும் அதுவுமாக, கும் முகத்தைப் பார்த்து நோயின் பெயரை எடுப்பதா? எங்கள் ஊரில் கையை வெட்டினாலும் யாரும் செய்ய மாட்டார்கள். அவள் பேனா மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் பதினோரு டிக் போட்டது, எல்லாம் இல்லை என்ற கட்டத்தில்.

மரியாதைக்காகத்தான் கேட்கவில்லை என்று அவள் பிறகு தன்னிடமே சொல்லிக்கொண்டாள். பாதி மரியாதை, மீதிப் பாதி மாதக் கடைசி. ஏழாம் கேள்விக்கு உண்டு என்று போட்டால் டாக்டர் சோதனை, ரிப்போர்ட் என்று மூன்று வாரம் இழுக்கும்.

ரூஷா கணவருக்குக் கண்ணாடி எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். அவர் பேனாவை வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"குமா எழுதினதைக் கண்ணாடி போட்டுப் படிச்சா, அப்புறம் என்ன கும் உறவு?"

கையெழுத்துப் போட்டார். நெவெங்காவுக்கு ஒரு சின்னக் கோப்பை பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். அவள் வேலை தப்பியது.

ஒன்றரை வருஷத்துக்குள், மார்ச் மாதத்தில், திராட்சைக் கொடி கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்த மனிதர் கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பாலிசிப் பணத்துக்கான தாள்களை நெவெங்காவே நிரப்பி அனுப்பினாள். கல்லறைக்குக் கறுப்புக் கல் வைக்க வேண்டும் என்று ரூஷா ஆசைப்பட்டாள். ஒரு மாதத்தில் வந்துவிடும், கல்லுக்குச் சொல்லி வை என்று இவள் தைரியம் சொன்னாள். பொய்யாகச் சொல்லவில்லை. அந்தப் பதினோரு டிக்கை அவள் சுத்தமாக மறந்தே போயிருந்தாள். மறதியும் சில சமயம் நமக்கு வேண்டிய பக்கம்தான் சாய்கிறது.

நாற்பதாம் நாள் கழிந்த பிறகு ரூஷா சனிக்கிழமை தவறாமல் கல்லறைக்குப் போனாள். பிளாஸ்கில் காபி கொண்டுபோவாள். ஒரு கோப்பை அவளுக்கு, ஒரு கோப்பை தலைமாட்டு மண்ணில் அவருக்கு. மே மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இதய நோய் இருந்ததை மறைத்து விண்ணப்பித்திருப்பதால் பணம் தர இயலாது என்று இருந்தது. கூடவே விண்ணப்பத்தின் நகல். ரூஷா நெவெங்காவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அடுப்படி மேசையில் அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் நெவெங்காவுக்கு அந்த ஸ்லாவா நாள் முழுக்க நினைவு வந்தது. ஏழாம் கேள்விக்கு நேரே இருந்த டிக், வால் நீண்டு, அவள் போட்டதுதான் என்று சத்தியம் பண்ணியது.

ரூஷா அந்தத் தாளின் அடியில் விரலை வைத்தாள்.

"இது அவர் கையெழுத்துதானே?"

"ஆமா, குமா."

ரூஷா கேட்டது அவ்வளவுதான், இவள் சொன்னதும் அவ்வளவுதான். சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல ஒரு மனிதரின் மானத்தையே அந்த ஒரு சொல்லுக்குள் மறைத்துவிட்டாள். சொல்ல வாய் எடுத்தாள் என்பதும் உண்மை. அதற்குள் ரூஷா தாளை மடித்து உறையில் போட்டுவிட்டு, சுவரில் இருந்த திகோமிர் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ரூஷா கல்லறைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. தம்பிக்குச் சிவப்பு அட்டை காட்டத் தெரிந்த மனிதருக்குத் தன் விஷயத்தில் மட்டும் பொய் எழுதக் கை கூசவில்லையா என்று அவள் நெவெங்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டது எப்படியோ வெளியே வந்து ஊருக்குள் பரவியது. சந்தையில் மிளகாய்க் கடைக்காரிகள் வாயில் அது நன்றாக வறுபட்டது. நெவெங்கா சந்தைப் பக்கம் போகாமல் வழியை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கோடையில் புது விதி வந்தது. இனி உரிமம் இல்லாதவர் ஒரு பாலிசியும் விற்கக் கூடாது. உரிமத்துக்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். நெவெங்காவுக்கு ஐம்பத்தாறு முடிந்திருந்தது. ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருஷம் பாக்கி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கொடுக்காமல் மிச்சமிருந்த காலண்டர்களின் முதுகில் பாடத்தை எழுதி எழுதி உருப்போட்டாள். பிரீமியம் என்றால் என்ன, இடர் என்றால் என்ன என்பதெல்லாம் எளிதாகவே ஏறியது. விற்பனையில் நேர்மை என்ற அதிகாரத்துக்கு வந்ததும் அவள் வேகம் குறைந்துபோனது.

வகுப்பு எடுக்க வந்தவன் ரெல்யா. தலைநகரத்துப் பிள்ளை, இருபத்தெட்டு வயது, சட்டைக் காலர் அட்டை போல விறைப்பாக இருக்கும். அவன் முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் அவன் அம்மா வயது. விண்ணப்பத்தில் இருக்கும் ஒவ்வொரு கேள்வியையும் முகவர் சத்தமாகப் படிக்க வேண்டும், பதிலை வாடிக்கையாளரே தன் கையால் குறிக்க வேண்டும், கையெழுத்துக்கு முன் முழுவதும் படிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்று அவன் சொன்னான். நெவெங்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிசெர்கா, தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள், கையைத் தூக்கினாள்.

"தம்பி, பதினோரு கேள்வியும் கேட்டு முடிக்கறதுக்குள்ள மூணாவது காபி வந்துடும்."

வகுப்பே சிரித்தது. ரெல்யாவும் சிரித்தான், சிரித்துவிட்டு மாதிரிக் கேள்வித்தாளில் நாற்பத்தொன்றாம் கேள்வியைப் பார்க்கச் சொன்னான். வாடிக்கையாளர் உங்களுக்கு நெருங்கியவர். அவருக்கு உள்ள நோய் உங்களுக்குத் தெரியும். அவராக அதைச் சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? கீழே நான்கு விடைகள். அ, ஒன்றும் கேட்காமல் இல்லை என்று குறிப்பேன். நெவெங்கா அந்த முதல் விடையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை யாரோ பார்த்து எழுதிவைத்தது போல இருந்தது. இப்படியொரு விடையை முட்டாள்கூடத் தேர்ந்தெடுக்க மாட்டான் என்று பிசெர்கா முணுமுணுத்தாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நெவெங்கா ரெல்யாவின் மேசைக்குப் போனாள். தனக்குத் தெரிந்த ஒருத்தி, வேறு ஊர், இப்படிச் செய்துவிட்டாள். ஆள் இறந்துபோனார், பணம் வரவில்லை, இனி ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். ரெல்யா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"முகவருக்குத் தெரிஞ்சா கம்பெனிக்குத் தெரிஞ்ச மாதிரிதான் மேடம். எனக்கு நோய் தெரியும், நான்தான் கேட்காம எழுதினேன்னு அவங்க எழுதிக் கொடுத்தா, அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடைக்க நிறைய வாய்ப்பு இருக்கு."

"அந்த முகவருக்கு?"

அவன் அடுக்குவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அவங்க பரீட்சைக்குப் படிக்க வேண்டியதே இல்ல மேடம். லைசென்ஸ் கொடுக்க மாட்டாங்க."

அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் தன்னோடு பேரம் பேசினாள். பரீட்சை முடியட்டும். உரிமம் கைக்கு வரட்டும். முதல் கமிஷனில் தானே கல்லுக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் ஆயிற்று. பணம்தான் ரூஷாவின் துக்கம் என்பது போல அவள் கணக்குப் போட்டாள். விற்கிறவளுக்கு எதையும் விலையாகப் பார்த்தே பழக்கம். ஆனால் காலையில் எழுந்து பாடத்தை விரித்தால், வாடிக்கையாளரின் நம்பிக்கை என்று அச்சில் இருக்கும் இடத்திலெல்லாம் கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்ட மனிதரின் சிரிப்புதான் வந்து நின்றது.

பரீட்சை செப்டம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை. ஊர் முழுக்க மிளகாய் சுடுகிற வாசனை. அறுபது கேள்விகளில் நாற்பத்தொன்றாம் கேள்வி அதே நோய்க் கேள்விதான். வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகக் கேட்பேன், அவர் பதிலை அவரையே எழுதவைப்பேன், படித்த பிறகே கையெழுத்து வாங்குவேன் என்ற விடைக்கு நேரே நெவெங்கா டிக் போட்டாள். வால் நீண்ட அதே டிக். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

மாலைக்குள் முடிவு சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு சரி. விற்பனையில் நேர்மை என்ற பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர் மண்டபத்திலேயே ஒருவர்தான் என்று ரெல்யா அவள் பெயரைப் படித்தான். படிக்கும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. பிசெர்கா அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். யாராவது முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட நெவெங்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மின்கம்பத்தில் திகோமிர் இருந்தார். எங்கள் ஊரில் இறந்தவருக்கு நாற்பதாம் நாள், அரை வருஷம், ஒரு வருஷம் என்று படம் போட்டு நோட்டீஸ் ஒட்டுவார்கள். சனிக்கிழமை அரையாண்டு நினைவு நாள். ரூஷா நோட்டீஸ் அடிக்கவில்லை. சிவப்பு அட்டை வாங்கிய தம்பிதான் தன் பெயரில் அடித்து ஒட்டியிருந்தான். படத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவன் பேனாவால் நடுவரின் அட்டை மாதிரி ஒரு கட்டம் வரைந்து அதற்குள் சிவப்பு மை அடித்திருந்தான்.

அதைக் கிழிக்கவும் முடியாது. இறந்தவர் நோட்டீஸில் யாரும் கை வைக்க மாட்டார்கள். எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். சிவப்பு மை அவர் கன்னம் வரைக்கும் இழுகியதே தவிரப் போகவில்லை. நெவெங்கா அந்தக் கம்பத்தடியில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க, விம்மி விம்மி அழுதாள். கும் உறவு என்பதால் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கம்பெனி அலுவலகத்துக்குப் போய் ஒரு தாளைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஏழாம் கேள்விக்கு நான்தான் குறியிட்டேன், நோய் எனக்குத் தெரியும், அவரிடம் கேட்கவில்லை, அவர் படிக்கவில்லை. நான்கு வரி. பதினான்கு வருஷத்தில் அவள் நிரப்பிய தாள்களிலேயே சுத்தமானது அதுதான். பணம் பிறகு ஜனவரியில் ரூஷாவுக்கு வந்தது, கறுப்புக் கல்லும் வைத்தாயிற்று. நெவெங்கா இப்போது ஊறுகாய்த் தொழிற்சாலையில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறாள். அதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பணம் வந்ததா, வேலை போனதா என்பதில் இல்லை.

சனிக்கிழமை காலை கல்லறையில் பாதிரியார் வந்து நின்றார். தம்பி வந்திருந்தான், நாலைந்து உறவினர் வந்திருந்தார்கள். சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்து வேகவைத்த கோதுமையை நெவெங்கா கொண்டுவந்திருந்தாள். மண்மேட்டில் புல் முளைத்திருந்தது. மரச் சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ரூஷாவுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் பாதிரியார் ஓதத் தொடங்கினார். பெண்டாட்டி இல்லாமல் அரையாண்டு நினைவு நாள் நடந்ததை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. நெவெங்கா கோதுமைப் பாத்திரத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ரூஷாவின் வீட்டுக்கு நடந்தாள்.

ரூஷா முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். கணவருக்கு நினைவு நாள், இவள் குளிர்காலத்துக்கு மிளகாய் விழுது போடுகிறாள். கைகள் மணிக்கட்டு வரைக்கும் கரி. நெவெங்காவைப் பார்த்ததும் உள்ளே போய் வரவேற்புக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் அடுப்படி மேசையில் உட்கார்ந்தார்கள். சுவரில் படம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பரீட்சை எப்படி என்று ரூஷா கேட்டாள். தேறிவிட்டதாக இவள் சொன்னாள். ஒரு கதவாவது திறந்ததே என்று ரூஷா சந்தோஷப்பட்டாள், வஞ்சகமில்லாத சந்தோஷம். பேச்சுக் காபியும் வந்தது. நெவெங்கா அதைத் தொடாமல் முத்திரை போட்ட நகலை மேசைமேல் வைத்தாள்.

ரூஷா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். நான்கு வரிதான். ஆனால் மெதுவாகப் படித்தாள். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டேன்," என்றாள். "இது அவர் கையெழுத்துதானேன்னு. நீ ஆமான்னே."

"கையெழுத்து அவரோடது, குமா. டிக் என்னோடது."

"உன்கிட்ட அவர் பொய் சொல்லலையா?"

"நான் கேட்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பார்."

ரூஷா கண்ணாடியைக் கழற்றினாள். பணம் வரும் என்று நெவெங்கா சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தாளால் வந்துவிடும், கல் வைத்துவிடலாம், தன் உரிமம் போனால் போகட்டும் என்று வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பதினான்கு வருஷம் அவளைக் காப்பாற்றிய வாய் அது. ரூஷா கையைத் தூக்கி அதை நிறுத்தினாள்.

"பணம் இல்லாட்டி மரச் சிலுவையோட இருந்துட்டுப் போறார். நாலு மாசமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டிருக்கேன். நீ பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தே. பதில் சொல்ல முடியாத ஆள் அவர். நீ சொல்லியிருக்கலாம் இல்ல?"

இந்தக் கேள்விக்குக் கீழே யாரும் நான்கு விடை அச்சிட்டு வைக்கவில்லை.

ரூஷா எழுந்தாள். சுவரில் இருந்த படத்தைத் திருப்பினாள். கரிக் கையால் தொட்டதில் படத்தின் கண்ணாடியில் கறை பட்டது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் அதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த உதட்டைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான், அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தெரியாமல் போயிருக்கக் கூடாதா என்று நெவெங்கா அன்றைக்கு நினைத்தது போல என்றைக்கும் நினைத்ததில்லை. வந்துட்டேன்யா, இதோ காபி கொண்டு வரேன் என்று ரூஷா படத்திடம் சொன்னாள்.

பிறகு அடுப்பை மூட்டினாள். பிடி நீண்ட செம்புச் சட்டியில் தண்ணீர் வைத்து, தூள் போட்டு, பொங்கி வரும்போது இறக்கி, மறுபடி ஏற்றி இறக்கினாள். அவசரப்படவில்லை. முதலில் பிளாஸ்கில் ஊற்றி மூடினாள். மிச்சத்தை ஒரு கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து, தொடாமல் ஆறிப்போயிருந்த இரண்டாவது கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கைகழுவி, தலையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, பிளாஸ்கையும் வேறு இரண்டு கோப்பைகளையும் பையில் எடுத்துக்கொண்டு ரூஷா கிளம்பினாள். வாசல் கதவை மூடவில்லை. முற்றத்தில் மிளகாய் கருகிக்கொண்டிருந்தது. நெவெங்கா எழுந்துபோய் அதை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த மூன்றாவது காபியை மண்டி தெரியும் வரைக்கும் குடித்தாள்.